உங்க டர்னு மாமா!

நாலே நிமிஷம்! பி.காம். இரண்டாம் வருஷம் காஸ்ட் அக்கவுண்டன்ஸி கேள்வித்தாளைப் புரட்டிய அந்தக் கணத்துக்குப் பிறகு, இவ்வளவு சீக்கிரமாக நான் எதிலும் தோற்றதில்லை.

என்னைத் தோற்கடித்தவருக்கு வயது பதினாலு. என் அக்கா பையன். நியூஜெர்ஸியிலிருந்து லீவுக்கு அம்மாவோடு மதுரை வந்திருந்தான். வந்த அன்றே பெட்டியைத் திறந்து எனக்கு ஒரு டி-ஷர்ட், என் அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம் என்று பட்டுவாடா செய்துவிட்டு, கடைசியாக ஒரு ஷூ பெட்டியை எடுத்தான். திருப்பதி லட்டை எடுக்கிற பக்தி! உள்ளே பார்த்தால்... பூராவும் சீட்டு.

"ஏன்டி, சீட்டாடறதுக்கா அம்புட்டுத் தூரம் போய்க் குடியிருக்கீங்க?" என்றாள் அம்மா, அக்காவைப் பார்த்து.

"இது ரம்மி இல்ல அம்மாச்சி... இது பேரு மேஜிக்: தி கேதரிங்" என்றான் பையன்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு நமட்டுச் சிரிப்பு. நானெல்லாம் டபிள்யூ.டபிள்யூ.எஃப். ட்ரம்ப் கார்டில் ஒரு தெருவையே துடைத்து எடுத்தவன். ரேங்க் என்றால் சின்ன நம்பர் ஜெயிக்கும், உயரம், எடை என்றால் பெரிய நம்பர் ஜெயிக்கும். முடிந்தது சட்டம். இந்தப் பொடியனிடம் என்ன புதுசாக இருந்துவிடப் போகிறது?

இருந்தது சார்... நிறையவே இருந்தது!

ஆளுக்கு இருபது 'உயிர்'. ஆளுக்கு ஒரு கட்டு. கையில் ஏழு சீட்டு. எதிராளியின் இருபது உயிரையும் வாங்கினால் ஜெயிப்பு. அதற்கு ராட்சசன், தேவதை, டிராகன் என்று ஜந்துக்களை இறக்க வேண்டும். இறக்க 'மானா' எனும் மந்திர சக்தி வேண்டும். மானாவுக்கு நிலம் வேண்டும். ஒரு முறைக்கு ஒரு நிலம்தான் போடலாம். இதுவரை எனக்கும் புரிந்தது. அப்புறம் அவன் வேகமெடுத்தான்.

"இதைத் தட்டறேன்... ரெஸ்பான்ஸா இதைப் போடறேன்... உங்க ஆளு செத்துட்டான்... இது ஃப்ளையிங், நீங்க தடுக்க முடியாது... ஏழு டேமேஜ்... உங்க டர்னு மாமா!"

என் கையில் டிராகன் இருந்தது, தேவதை இருந்தது, பெயர் தெரியாத ஒரு பூதமும் இருந்தது. நிலம் மட்டும் ஒன்றே ஒன்று. மண்டபம் புக் பண்ணி, மேளக்காரர் வந்து, சமையல்காரரும் வந்து உட்கார்ந்தாச்சு... அரிசி மட்டும் வரவில்லை என்றால் எப்படி இருக்கும்? அப்படி உட்கார்ந்திருந்தேன். அதற்குள் ஆட்டமே முடிந்துவிட்டது.

இரண்டாவது ஆட்டம் ஐந்து நிமிஷம். மூன்றாவது மறுபடியும் நாலு. "எனக்கு கரெண்ட் பில் கட்டப் போகணும்டா" என்று எழுந்தேன். பையன் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, பெட்டியை மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கட்டிலுக்கு அடியில்...

அன்று ராத்திரி மொட்டை மாடியில் அக்கா சொன்னது இது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவர்கள் வீடு மாறியதில் பள்ளிக்கூடமும் மாறியது. புது ஸ்கூலில் யாரும் பையனைக் கேலி செய்யவில்லை, அடிக்கவில்லை. யாரும் கவனிக்கவே இல்லை, அவ்வளவுதான். மத்தியானம் தனியாக டப்பாவைத் திறந்து, தனியாகவே மூடிக்கொண்டு வருவான். பக்கத்து மேஜையில் நாலைந்து பையன்கள் இந்தச் சீட்டை ஆடிக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, சேர்த்து வைத்த காசில் இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்த ஆட்டம் நடக்கிற கடைக்குப் போனான்.

எதிரே உட்கார்ந்தவன் இவனைவிடப் பெரிய பையன். ஒரு வார்த்தை பேசவில்லை. அஞ்சு நிமிஷத்தில் ஆட்டத்தை முடித்தான். "இந்தக் கட்டை வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனைப் பார்க்க ஆரம்பித்தான். பையன் வீட்டுக்கு வந்து சீட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியவன், ஆறு மாசம் எடுக்கவே இல்லை.

"அப்புறம் எப்படி எடுத்தான்?"

"அதே கடைக்கு வேற ஏதோ வாங்கப் போனோம். அங்க ஒரு பெரியவர், தாத்தா வயசு. இவன் வேடிக்கை பாக்கறதைக் கவனிச்சு, 'உட்காரு'ன்னார். ரெண்டு பேர் சீட்டையும் தொறந்து மேஜை மேல வச்சுட்டு ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்தார். கிளம்பறப்ப கை நிறைய பழைய சீட்டு அள்ளிக் குடுத்தார். இப்ப அவனுக்கு அந்த ஊர்ல நாலு ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்கடா. அந்த நாலு பேரும் இந்தச் சீட்டால வந்தவங்க. நீ என்னடான்னா... கரெண்ட் பில்லுங்கறே!"

எனக்குச் சுருக்கென்றது. பில்லை வேறு முந்தின வாரமே கட்டியிருந்தேன்!

ஒரு கணக்குப் பிள்ளையின் ராத்திரி

தூக்கம் வரவில்லை. இந்த ஆட்டத்தின் பூர்வோத்தரத்தைத் துருவ ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது... என்னைப் போல அரிசி இல்லாமல் உட்கார்ந்து, எழுந்து ஓடியவர்களின் பிரச்னை, அந்தக் கம்பெனிக்கே முப்பது வருஷத்துத் தலைவலி!

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் ஒரு கணித ஆராய்ச்சியாளர். ரோபோக்களை வைத்துத் தான் உருவாக்கியிருந்த ஒரு பலகை விளையாட்டை எடுத்துக்கொண்டு, 'விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' என்ற சின்னக் கம்பெனியின் பீட்டர் அட்கிஸனைப் பார்க்கிறார். 'இதைத் தயாரிக்கச் செலவு தாங்காது. கையில் எடுத்துப் போகிற மாதிரி, சீக்கிரம் முடிகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?' என்கிறார் அட்கிஸன். அதற்குப் பதிலாகப் பிறந்ததுதான் மேஜிக். 1993 ஆகஸ்டில் கடைக்கு வந்தது.

நம் சீட்டுக்கட்டில் எல்லோருக்கும் அதே ஐம்பத்திரண்டுதான். இதிலோ அவரவர் கட்டை அவரவரே வாங்கி, மாற்றி, சேர்த்துக் கொண்டுவர வேண்டும். போதாததற்கு, ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வாசகம். ஆட்டத்தின் சட்டம் ஒன்று சொல்ல, சீட்டு வேறொன்று சொன்னால், சீட்டு சொல்வதே செல்லும்! முதல் வெளியீட்டில் 295 வகைச் சீட்டு. இன்றைக்கு 25,000 வகைகளுக்கும் மேல். முழுச் சட்டப் புத்தகம் ஏறத்தாழ 300 பக்கம். கம்பெனிச் சட்டத்தையே பிட்டுப் பிட்டாகப் படித்துப் பாஸான எனக்கு நெஞ்சை அடைத்தது.

ஒரே ஆறுதல், நிலம் ஐந்து வகை. சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு. ஐந்திணையைப் பிரித்துக் கொடுத்த நம் ஆள் பார்த்திருந்தால் ராயல்டி கேட்டிருப்பார்!

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் சிக்கல் இதுதான். பழைய ஆட்டக்காரருக்குப் புதுப்புதுச் சிக்கல் வேண்டும், இல்லாவிட்டால் போரடிக்கும். புது ஆட்டக்காரருக்குச் சிக்கல் என்றால் ஓட்டம். பழையவர் தயவில் இன்றைய கல்லா நிரம்பும். புதியவர் வராவிட்டால் நாளைக்குக் கடையே இருக்காது.

1997-ல் 'போர்ட்டல்' என்று புதியவர்களுக்காகத் தனி வெளியீடு போட்டார்கள். எளிமையான சீட்டு, எளிமையான வார்த்தை. நல்ல எண்ணம்தான். ஆனால், அந்தச் சீட்டை அப்போது போட்டிகளில் சேர்க்க அனுமதி இல்லை. சில வார்த்தைகளும் வேறு. கற்றுக்கொண்டு ஆசையாகப் பெரிய ஆட்டத்துக்குப் போனால், 'இது இங்கே செல்லாது.' கல்யாண வீட்டில் உங்களுக்கு மட்டும் கொல்லைப்புறத்தில் இலை போட்ட கதை. சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும். ஆனாலும், பந்தியில் உட்கார்ந்த மாதிரி ஆகுமா?

1999-ல் சட்டத்தையே ஒழுங்குபடுத்தினார்கள். யார் மந்திரம் முதலில் பலிக்கும் என்ற குடுமிப்பிடிக்கு ஒரு தீர்வு... 'ஸ்டாக்.' ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கு, கடைசியாக வைத்ததை முதலில் எடு. அட, இது எங்கள் சரக்கு மதிப்பீட்டுப் பாடம்! கடைசியில் வந்தது முதலில் வெளியே! பி.காம். படித்த எட்டணா பலன் அன்று ராத்திரி இரண்டு மணிக்குக் கிடைத்தது.

2006-ல் 'டைம் ஸ்பைரல்.' பழைய காலத்துச் சீட்டு 121-ஐத் தூசு தட்டி உள்ளே நுழைத்து, பழைய பெருமைகளையெல்லாம் கோத்து ஒரு வெளியீடு. பழையவர்கள் குதூகலித்தார்கள். புதியவர்கள் முழித்தார்கள். பத்து வருஷம் ஒன்றாகப் படித்த நண்பர்கள், கல்லூரி வாத்தியார் ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரிக்கும்போது நடுவில் மாட்டிக்கொண்ட புது மாப்பிள்ளை கதை.

அந்த அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்டு செய்த மாற்றத்தை, வடிவமைப்புத் தலைவர் மார்க் ரோஸ்வாட்டர் 2011-ல் விளக்கி எழுதினார். யோசனை ரொம்ப எளிமை. பாக்கெட்டில் பெரும்பாலான சீட்டு 'சாதா' ரகம். அபூர்வ ரகம் ஒன்றோ இரண்டோதான். ஆகவே, இரண்டு பாக்கெட் மட்டும் வாங்குகிற புதியவர் கையில் இருப்பது முக்கால்வாசி சாதா. சாதாவை எளிமையாக வை. சிக்கலையெல்லாம் அபூர்வத்துக்கு ஏற்று. நிறைய வாங்குகிற பழைய கைக்கு அது எப்படியும் கிடைத்துவிடும். ஒரே பந்திதான்... காரம் மட்டும் தனிக் கிண்ணத்தில்!

என் அரிசிப் பிரச்னைக்கும் வழி பண்ணியிருந்தார்கள். கையில் வந்த ஏழும் உதவாவிட்டால் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கலாம். முன்பெல்லாம் ஏழுக்குப் பதில் ஆறுதான் தருவார்கள். 2019 முதல் மறுபடியும் முழுசாக ஏழு எடுத்துப் பார்த்துவிட்டு, வேண்டாத ஒன்றைக் கட்டின் அடியில் வைத்தால் போதும். (இதை என் மருமகன் எனக்குச் சொல்லவே இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்!)

2020-ல் 'ஜம்ப்ஸ்டார்ட்.' இருபது சீட்டுப் பாக்கெட் இரண்டைப் பிரி, ஒன்றாகக் கலை, ஆடு. கட்டுச் சேர்க்கிற கவலையே கிடையாது. 2024 நவம்பரில் 'ஃபவுண்டேஷன்ஸ்.' அடிப்படையான சீட்டுகள். குறைந்தது 2029 வரை போட்டியில் செல்லும் என்று உத்தரவாதம். அதோடு வந்த ஆரம்பப் பெட்டியில், முதல் ஆட்டத்துக்குப் பூனைக்கட்டும் ரத்தக்காட்டேரிக்கட்டும் தயாராக இருக்கும். கூடவே, படிப்படியாகக் கையைப் பிடித்து நடத்துகிற குறிப்பும்.

'காசு?' என்பீர்கள். நியாயமான கேள்வி. 1993-ன் 'பிளாக் லோட்டஸ்' சீட்டு ஒன்று 2021-ல் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. சில பழைய சீட்டுகளை இனி அச்சடிக்கவே மாட்டோம் என்று 1996-லேயே கம்பெனி வாக்குக் கொடுத்துவிட்டது. இதைக் கேட்டுத்தான் பல வீடுகளில் அப்பாக்கள் அலறுகிறார்கள். ஆனால், வெறும் சாதாச் சீட்டுகளை மட்டும் வைத்து ஆடுகிற 'பாப்பர்' என்ற முறையும் உண்டு. பாப்பர் என்றால் பரம ஏழை! பேரே நம்ம ஆளு.

எல்லாவற்றையும் படித்து முடித்தபோது கோழி கூவியது. ஒரு கேள்வி மட்டும் பாக்கி. சட்டத்தைத் திருத்தியாச்சு, பெட்டி போட்டாச்சு, சீட்டை எளிமையாக்கியாச்சு. அப்படியும் அந்த வெள்ளிக்கிழமை என் மருமகன் ஏன் அழாத குறையாகத் திரும்பினான்?

அட்டைப்பெட்டி வரவேற்காது சார். எதிரே உட்கார்ந்திருக்கிற ஆள்தான் வரவேற்க வேண்டும்.

அம்மாச்சியின் தீர்ப்பு

காலையில் காபியோடு போய், "இன்னொரு ஆட்டம் போடலாமாடா?" என்றேன். பையன் சந்தேகமாகப் பார்த்தான்.

அம்மா வெற்றிலை மடித்தபடி நடுவில் புகுந்தாள். "நேத்து நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் தம்பி. உன் மாமனுக்கு நான் ரம்மி சொல்லிக் குடுத்தப்ப, மொத நாலு ஆட்டம் சீட்டைத் தொறந்து வச்சுத்தான் ஆடினோம். இதைப் போட்டா இது வரும், இதை விட்டா அது போகும்னு வாயால சொல்லிச் சொல்லி. அவனுக்கு ஒரு ஆட்டம் கெலிப்பு வர்ற மாதிரி விட்டும் குடுத்தேன். இல்லேன்னா அந்தக் கழுதை மறுநா வந்து உக்காருமா?"

(முப்பது வருஷமாக அந்த முதல் வெற்றி என் திறமையால் வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!)

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "கடையில அந்த அங்கிளும் அப்படித்தான் பண்ணார்... நான் மறந்துட்டேன்" என்றான். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டி வெளியே வந்தது.

அரை மணி நேரம் உட்கார்ந்து இரண்டு கட்டு புதுசாகச் சேர்த்தான். அவனுடைய 'சூரப்புலி'க் கட்டு ஓரமாகப் போனது. ஒன்றில் பச்சை நிலம் மட்டும், இன்னொன்றில் சிவப்பு மட்டும். நீளமான வாசகம் உள்ள சீட்டெல்லாம் நீக்கம். இருவர் கையும் மேஜை மேல் திறந்தபடி. 'ரெஸ்பான்ஸ்', 'ஸ்டாக்' என்ற பேச்சே இல்லை. நான் தப்பாகப் போட்டால், "யோசிச்சுப் பாருங்க மாமா, திருப்பி எடுத்துக்கலாம்" என்றான்.

பதினைந்து நிமிஷம் ஆடினோம். தோற்றேன்தான். ஆனால், ஏன் தோற்றேன் என்று எனக்குத் தெரிந்தது! தெரியாமல் தோற்பதற்கும் தெரிந்து தோற்பதற்கும் உள்ள வித்தியாசம், பரீட்சையில் முப்பத்துநாலு வாங்கியவர்களுக்குப் புரியும். "இன்னொண்ணு போடு" என்றேன். நானாகக் கேட்டது!

அன்று மாமனும் மருமகனும் கூடி எழுதிய பட்டியல் இது. சீட்டாட்டத்துக்கு மட்டும்தான் என்றில்லை, செஸ்ஸோ, கேரமோ, ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையனோ... எதற்கும் பொருந்தும்.

* முதல் ஆட்டத்துக்கு உங்கள் சூரப்புலிக் கட்டை எடுக்காதீர்கள். இரண்டு கட்டும் சம பலமாக இருக்கட்டும்.

* முதலில் இலக்கைச் சொல்லுங்கள், பிறகு சட்டத்தை. எந்தச் சட்டம் எப்போது தேவையோ அப்போது சொன்னால் போதும்.

* சீட்டைத் திறந்து வைத்து ஆடுங்கள். மனசுக்குள் கணக்குப் போடாமல் வாய்விட்டுப் போடுங்கள்.

* தப்பைத் திருப்பி எடுக்க விடுங்கள். சொல்லித் தருகிற ஆட்டத்தில் ஸ்கோர் கிடையாது.

* ஆட்டம் முடிந்ததும் போனைப் பார்க்காதீர்கள். எதிராளி போட்டதில் எது நல்ல போடு என்று ஒன்றாவது சொல்லுங்கள்.

* கிளம்பும்போது வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். பழைய கைகளின் பரணில் கிடக்கிற சாதாச் சீட்டு, புதியவருக்குச் சொத்து.

கிரில் கதவுக்கு வெளியே...

ஊருக்குக் கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது கவனித்தேன். பக்கத்து வீட்டுப் பையன், ஆறாவது படிக்கிறான், எங்கள் கிரில் கதவுக்கு வெளியே சைக்கிளை ஸ்டாண்டு போடுவதும் எடுப்பதுமாக இருந்தான். கண் மட்டும் உள்ளே, மேஜை மேல்.

நான் கூப்பிட வாயைத் திறப்பதற்குள் என் மருமகன் எழுந்து போய்க் கதவைத் திறந்தான்.

"வரியா?"

"எனக்குத் தெரியாதுண்ணே..."

"எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு. உட்காரு."

சீட்டில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ். பல பாஷைகளில் இதை அச்சடிக்கிறார்கள், தமிழில் இல்லை. இவன் தமிழோ, விமானத்தில் பாதி உதிர்ந்து வந்த தமிழ். ஆனாலும், "இது யானை... மூணு அடி குடுக்கும், மூணு அடி தாங்கும்... இது காடு, இதைப் படுக்க வச்சா சாப்பாடு வரும்" என்று சொல்லிக்கொண்டே போனான். பக்கத்து வீட்டான் யானையை இறக்கிய முதல் தடவை போட்ட கூச்சலில் அம்மாவின் வெற்றிலைப் பெட்டி உருண்டது.

கிளம்பும் அன்று அந்தப் பச்சைக் கட்டு அவனிடம் போய்ச் சேர்ந்தது. சிவப்புக் கட்டு என்னிடம். "நீங்க ரெண்டு பேரும் ஆடுங்க மாமா. அவன் சின்னப் பையன், பாத்து ஆடுங்க" என்று எனக்கு எச்சரிக்கை வேறு!

'கேதரிங்' என்றால் என்னவென்று அகராதியைப் புரட்டத் தேவையில்லை. மதுரைக்காரனுக்குத் தெரியாதா? கூடல்!

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம். அவன்தான். நேற்றைய நிலவரப்படி அவன் ஏழு, நான் மூன்று. அந்த மூன்றில் ஒன்று அவன் விட்டுக்கொடுத்ததோ என்று ஒரு சந்தேகம் இருக்கிறது. கேட்க மனசு வரவில்லை.

"உங்க டர்னு அங்கிள்!"

வர்றேன்டா!